டென்டில் தூக்கம் வரவில்லை என்றால் கோளாறு யாரிடம்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கணவரும் அவருடைய அலுவலக நண்பர்களும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை மலைக்குப் போய் டென்டில் தங்குகிறார்கள். நீங்களும் நான்கு தடவை கூடவே போய்விட்டீர்கள். ஒரு ராத்திரிகூட ஒழுங்காகக் கண் அசரவில்லை. குளிர், ஈரம், முதுகு வலி, பாத்ரூம் அவஸ்தை. "எல்லாரும் ரசிக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் பிடிக்கவில்லை? பழகினால் சரியாகுமா, இல்லை என்னிடம்தான் கோளாறா?" என்று கேட்டு, டிசம்பரில் கொழுக்குமலைக்கு மறுபடி புக் செய்திருக்கிறார் என்று முடித்திருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. டென்டில் தூங்குவது எப்படி என்பது ஒன்று. பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லலாமா என்பது இன்னொன்று. உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் முதலாவதைத் தனியே பிரித்து வைத்தால்தான் இரண்டாவதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியும்.

நான் 11 வருஷம் டிரெக் லீடராக வேலை பார்த்தவள். முதல் சில வருஷம் நீலகிரி, கொடைக்கானல், மூணாறு பக்கம், அப்புறம் உத்தராகண்டில். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கும் டென்டில் முதல் ராத்திரி தூக்கம் வராது. இன்றுவரை வராது. சம்பளம் வாங்கிக்கொண்டு விழித்துக் கிடந்தவள் நான். அதனால் "எல்லாரும் ரசிக்கிறார்கள்" என்று நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்க மாட்டேன். ராத்திரி 2 மணிக்கு வெளியே வந்து பார்த்தால் நான்கில் மூன்று டென்டுக்குள் ஹெட் லாம்ப் மினுக்கும். ஜிப் திறக்கும், மூடும், யாரோ புரளுவார்கள், யாரோ பெருமூச்சு விடுவார்கள். அதே ஆட்கள் காலையில் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு "செம தூக்கம்" என்பார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்குப் பிடித்தது சாயங்காலமும் விடிகாலையும். நடுவில் இருக்கும் ராத்திரியைக் காலையில் மறந்துவிடுகிறார்கள். உங்களால் மறக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் கெடுவது உறுதியாகத் தெரிந்த விஷயம். தூக்க ஆய்வுக்கூடங்களில் 1966-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: முதல் இரவு விளைவு. 2016-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். புது இடத்தில் படுத்தவர்களுக்கு மூளையின் இடது பாதி வலது பாதியைவிட மேலோட்டமாகவே தூங்கியது. காதில் விழும் வித்தியாசமான சத்தத்துக்கு அந்தப் பாதி சட்டென்று எழுந்தது. அடுத்த முறை அதே இடத்தில் படுத்தபோது அந்த வித்தியாசம் போய்விட்டது. அது சுவரும் கட்டிலும் உள்ள ஆய்வுக்கூடத்தில் நடந்தது, டென்டில் இல்லை. ஆனால் நான்கு சுவருக்குள்ளேயே மூளை காவல் இருக்கும் என்றால் துணிச் சுவருக்குள் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இது என் ஊகம்தான். இதில் உங்களுக்குப் பயன்படும் சங்கதி ஒன்று உண்டு. சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பும் பயணத்தில் அந்த முதல் ராத்திரி மட்டும்தான் கிடைக்கிறது. நான்கு தடவை போனீர்கள் என்றால் நான்கு முதல் ராத்திரிகள். பழகுவதற்கு இடமே கொடுக்கவில்லை.

இனி குளிர். இதில் முக்கால்வாசி சரிசெய்யக்கூடியது, சரிசெய்யாமல் விடுவதுதான் வழக்கம். குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்து ஆட்கள் கம்பளிமேல் கம்பளி போர்த்துவார்கள். ஆனால் உடம்பின் சூடு கீழே தரைப் பக்கமாகத்தான் அதிகம் போகிறது. ஸ்லீப்பிங் பேக்கின் கதகதப்பு உள்ளே இருக்கும் பஞ்சில் அடைபட்ட காற்றால் வருவது. நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே அந்தப் பஞ்சு நசுங்கிவிடும், காற்று போய்விடும். அப்புறம் உங்களுக்கும் தரைக்கும் நடுவில் இருப்பது மேட் மட்டும். பல கேம்ப்களில் மேட் என்று கொடுப்பது யோகா வகுப்பில் விரிப்பது மாதிரி ஒரு மெல்லிய தாள். மேட்டின் தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்று ஓர் எண்ணால் சொல்வார்கள். சாதாரண தடித்த ஃபோம் மேட் 2 வாக்கில் இருக்கும், உள்ளே காப்புப் பொருள் வைத்த காற்றடைத்த மேட் 4, 5 வரை போகும். இரண்டு மேட்டை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் இரண்டு எண்ணும் கூடும். ஆகவே செலவில்லாத வைத்தியம், இன்னொரு மேட் கேட்டு வாங்கி அடியில் போடுவது. வீட்டு ஜமக்காளமும் உதவும், ஈரமாகாத வரை.

ஸ்லீப்பிங் பேக்கில் அச்சடித்திருக்கும் டிகிரியை நம்பி மோசம் போனவர்கள் நிறைய. ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரப்படி ஒரே பைக்கு மூன்று எண் உண்டு: சுகமாகத் தூங்கும் அளவு, தாக்குப்பிடிக்கும் அளவு, உயிர் பிழைக்கும் அளவு. முதலாவது பெண்ணின் உடம்பைக் கணக்கில் வைத்தது, இரண்டாவது குறுக்கிப் படுத்திருக்கும் ஆணை வைத்தது. ஆகவே ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிப் பையில் படுத்து, ஒருவர் குறட்டை விட, இன்னொருவர் நடுங்கினால் நடுங்குகிறவர் நடிக்கவில்லை. பையை வாங்கும்போது முதல் எண்ணைப் பாருங்கள். வாடகைப் பை என்றால் எண்ணைப் பார்த்தே பயனில்லை. பல வருஷம் சுருட்டிச் சுருட்டிப் பஞ்சு செத்துப் போயிருக்கும். கையில் அழுத்தி விடுங்கள், உப்பி எழவில்லை என்றால் அது வெறும் போர்வை. கொழுக்குமலை 2000 மீட்டருக்கு மேல். கீழே போடி 350 மீட்டர் வாக்கில். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். போடியில் ராத்திரி 20 என்றால் மேலே 9 வாக்கில், காற்று அடித்தால் அதைவிட மோசமாக உறைக்கும். தோராயக் கணக்குதான், ஆனால் பெட்டி கட்ட இது போதும். நடந்து வேர்த்த துணியை மாற்றிவிட்டுக் காய்ந்த சட்டை, காய்ந்த சாக்ஸ், குல்லா. கசியாத பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, ஒரு சாக்ஸுக்குள் போட்டு, பைக்குள் காலடியில் வையுங்கள். ஹிமாலயத்தில் எங்கள் சமையல்காரர்கள் ராத்திரி எல்லாருக்கும் வெந்நீர் ஊற்றிக் கொடுப்பது குடிக்க மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

குளிருக்கு ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. கரி அடுப்பையோ கணப்புச் சட்டியையோ டென்டுக்குள் கொண்டுவருவது. அணைந்த மாதிரி தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டிருக்கும். அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. கணவரோ நண்பர்களோ "ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கலாம்" என்று சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

ஈரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள், "காலையில் டென்ட் ஒழுகியிருந்தது" என்று. பெரும்பாலும் அது ஒழுகல் இல்லை. இரண்டு பேர் ராத்திரி முழுக்க மூச்சில் விடும் நீர் ஒரு பெரிய டம்ளருக்குக் குறையாது. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் அது போக வழியில்லாமல் குளிர்ந்த துணியில் பட்டு, திரண்டு, விடிகாலையில் மூஞ்சியில் சொட்டும். மேலே இருக்கும் சின்னச் சாளரங்களை இரண்டு பக்கமும் திறந்து வைக்க வேண்டும். பையின் கால்பகுதி டென்டுச் சுவரைத் தொடக் கூடாது. ஓடைப் பக்கம், பள்ளம், புல்வெளி நடு, இவையெல்லாம் போட்டோவுக்கு அழகு. ராத்திரி கனத்த குளிர்காற்று வந்து தேங்குவதும் அங்கேதான். ஊட்டியில் ஜனவரிக் காலையில் பள்ளத்துப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருக்க, மேட்டில் இருக்கும் வீட்டு முற்றம் சும்மா இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சரிவுக்கு ஒரே ஒரு வழி: டென்ட் அடிக்கும் முன் அந்த இடத்தில் நீங்களே வெறும் தரையில் ஒரு நிமிஷம் படுத்துப் பாருங்கள். கல் எங்கே குத்துகிறது, தலை எந்தப் பக்கம் உயரம் என்று உடம்பு சொல்லும். நான் இதைச் செய்யச் சொன்னால் எல்லாரும் வெட்கப்படுவார்கள். வெட்கப்பட்டவர்கள் எல்லாம் ராத்திரி ஓர் ஓரமாக உருண்டு கிடந்தார்கள். முதுகு வலி விஷயத்தில் நான் மருத்துவர் இல்லை, அதனால் கண்டதைச் சொல்கிறேன். ஒருக்களித்துப் படுக்கும் பழக்கம் உள்ளவர்கள்தான் அதிகம் புலம்புவார்கள், தோளும் இடுப்பெலும்பும் தரையில் பதிவதால். போதாததற்கு, கால் பக்கம் குறுகும் மம்மி மாடல் பையில் முழங்காலை மடக்க முடியாது. நம் ஊர் மலைகளுக்கு அந்த மாடல் தேவையே இல்லை. நல்ல கனமான ரஜாய் ஒன்று காரில் வைத்துக் கொண்டுபோனால் பாதிப் பிரச்சினை தீரும். வீட்டுக் கட்டிலிலும் அதே வலி இருக்கிறது என்றால் டென்டைக் குற்றம் சொல்லாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பாத்ரூம் விஷயத்தைக் கடைசியில் ஒரு வார்த்தையில் முடித்திருந்தீர்கள். பெண்கள் எல்லாரும் அப்படித்தான் முடிப்பார்கள், அதுதான் பெரிய காரணமாக இருக்கும். குளிரில் தோலுக்கு அருகே உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்தம் உள்பக்கம் திரளும், அதைச் சமன் செய்ய சிறுநீரகம் அதிகமாக நீரைப் பிரிக்கும். எனவே குளிரில் அடிக்கடி போக வேண்டியிருப்பது மனப்பிரமை இல்லை. இருட்டு, ஈரப் புல், அட்டை, 50 மீட்டர் தள்ளி ஒரு பாத்ரூம், கணவரின் நண்பர்கள் உட்கார்ந்திருக்கும் கேம்ப் ஃபயரைத் தாண்டிப் போக வேண்டிய வழி. இதற்குப் பயந்து மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திய எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத்தான் மறுநாள் தலைவலி. ராத்திரி 11 மணியிலிருந்து "இப்போது போவதா, விடியட்டுமா" என்று கணக்குப் போட்டுக்கொண்டே கிடந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? என் குழுக்களில் நான் செய்தது, பெண்களின் டென்டுகளைப் பாத்ரூம் பக்கம் ஓரமாக அடிப்பது, நெருப்பு மூட்டும் இடத்தை எதிர்ப்பக்கம் வைப்பது, படுக்கப் போகும் முன் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நடை போய் வருவது. இந்த ஒன்றைச் சரிசெய்ததும் "டென்ட் பிடிக்காது" என்ற சிலருக்கு டென்ட் பிடித்துப்போனது. புக் செய்யும் முன் கேம்புக்குப் போன் போட்டு பாத்ரூம் எவ்வளவு தூரம், ராத்திரி விளக்கு உண்டா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேளுங்கள். சூரியோதயம் எங்கே தெரியும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பயத்தையும் சிரித்துத் தள்ள வேண்டாம். 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடிப் பக்கம் கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். 2018 மார்ச் 11-ல் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே அனுமதி உள்ள இடமா, காட்டை ஒட்டியா, தேயிலைத் தோட்டத்துக்குள்ளா என்று விசாரிப்பது கோழைத்தனம் இல்லை. காதடைப்பான் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் யானை நடமாடும் பக்கம் வைக்க மாட்டேன். பாம்புக்கு டென்டைச் சுற்றி உப்பு போடுவது, கயிறு போடுவது எல்லாம் மனச் சமாதானம். அட்டைக்கு மட்டும்தான் உப்பு வேலை செய்யும். ஜிப்பை மூடி வைப்பதும், செருப்பை உதறிப் போடுவதும் போதும். துணி படபடக்கும் சத்தத்துக்கு, கயிற்றை இழுத்துக் கட்டினால் பாதி குறையும். மீதி குறையாது. கூடாரத்தில் தூங்காமல் கிடப்பது நேற்று தொடங்கியதும் இல்லை. முல்லைப்பாட்டில் கோல் நட்டுக் கயிறு இழுத்துக் கட்டிய கூடாரங்கள் வரும். அந்தப் பாசறையில் அரசன் ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, ஒரு கையால் தலையைத் தாங்கி, தூக்கமில்லாமல் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருப்பான். அவனுக்குக் கவலை போர். நமக்கு 50 மீட்டர் தள்ளி இருக்கும் பாத்ரூம்.

உயரத்தால் தூக்கம் வராது என்று யாராவது சொன்னால், கொழுக்குமலைக்கு அது பொருந்தாது. சுமார் 2500 மீட்டருக்கு மேல்தான் தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருவது, திடுக்கென்று விழிப்பது எல்லாம் தொடங்கும். தென்னிந்தியாவின் உச்சமான ஆனைமுடியே 2695 மீட்டர். ஹிமாலயம் போகும் நாளில் அதைப் பேசிக்கொள்ளலாம்.

பழகினால் சரியாகுமா என்ற கேள்விக்கு என் அனுபவத்தில் ஒரே பதில் இல்லை. சத்தத்துக்கும் தரைக்கும் உடம்பு பழகும், அதுவும் அடுத்தடுத்து மூன்று ராத்திரி படுத்தால். ஆறு மாதத்துக்கு ஒரு ராத்திரி படுத்தால் பழகாது. குளிருக்குப் பழகுவதைவிட மேட் வாங்குவது சுலபம். பிடிக்காமை பழக்கத்தால் போகுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். மதுரைப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எங்கள் குழுவில் வந்தார். பாதி வயதுப் பையன்களைப் பின்னால் விட்டு நடப்பார். சாயங்காலம் டென்ட் கண்ணில் பட்டதும் முகம் சுருங்கிவிடும். நல்ல பை, இரண்டு மேட், தனி டென்ட், எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் சொன்னார், "குளிரெல்லாம் இல்லம்மா. குனிஞ்சு தவழ்ந்து உள்ள போறதே எனக்கு அவமானமா இருக்கு." அதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. அடுத்த வருஷம் அவரை உத்தராகண்டில் இருக்கும் ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனோம். சாங்க்ரியிலும் ஓஸ்லாவிலும் ஊர்க்காரர்களின் மரவீட்டில் தங்கி, விடியுமுன் கிளம்பி மேலே போய், இருட்டுவதற்குள் வீட்டுக்குத் திரும்பும் நீண்ட நடை. 3500 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிட்டு வந்து ராஜ்மாவும் சோறும் சாப்பிட்டு அவர் தூங்கிய தூக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். நேபாளத்தில் 4130 மீட்டரில் இருக்கும் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் வரைக்குமே வழியெல்லாம் லாட்ஜ். கட்டிலில் படுத்தே போய் வரலாம். மலை பிடிப்பது வேறு, டென்ட் பிடிப்பது வேறு. உங்கள் வீட்டில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை சொல்கிறேன். டிசம்பருக்கு முன் ஒரு சனிக்கிழமை அதே டென்டை வீட்டு மொட்டை மாடியில் போடுங்கள். முளை அடிக்க முடியாது, நான்கு மூலையிலும் தண்ணீர் கேன் வைத்தால் நிற்கும். அதே மேட், அதே பை, பாத்ரூம் மட்டும் உங்கள் வீட்டுடையது. அங்கே தூங்கிவிட்டால் உங்களைத் தொந்தரவு செய்தது குளிர், பாத்ரூம், பயம், புது இடம். அதில் பாதியை மேலே சொன்ன மாதிரி சரிசெய்யலாம். அங்கேயும் முதுகு நொந்தால் மேட்டை மாற்றுங்கள். மேட்டும் மாற்றி, முதுகும் நோகாமல், இருந்தும் அந்தத் துணிக்கூட்டுக்குள் எரிச்சலாக இருந்தால், உங்களுக்கு டென்ட் பிடிக்காது. கத்தரிக்காய் பிடிக்காது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை, அப்படியே கணவரிடம் சொல்லலாம். சொல்லும்போது குளிரையும் முதுகையும் சாக்காகச் சொல்லாதீர்கள். அவர் புது மேட் வாங்கிவந்துவிடுவார்.

டிசம்பர் புக்கிங்கைக் கெடுக்கவும் வேண்டாம். அவர்கள் மேலே டென்டில் படுக்கட்டும். நீங்கள் மூணாறு பக்கம் இருக்கும் சூரியநெல்லியிலோ சின்னக்கானலிலோ ஓர் அறை எடுத்து, வெந்நீரில் குளித்துவிட்டுத் தூங்குங்கள். சூரியோதயத்துக்கு அங்கிருந்து விடிகாலை 4 மணி வாக்கில் ஜீப் கிளம்பும். மேலே போய் அவர்களோடு சேர்ந்து நின்று பார்க்கலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அந்த ஜீப் ரோடு டென்டைவிட மோசம். முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.